இருட்டில் தெரியும் அந்த வெள்ளை உருவம் எது? இரவு வேட்டையில் தெர்மல் ஸ்கோப்பும் ஸ்பாட்லைட்டும்

காட்டுப்பன்றி, முயல், செந்நரி போன்றவற்றால் பயிரும் கால்நடையும் சேதமாகும்போதெல்லாம், அவற்றை இரவில் சுட்டுக் கட்டுப்படுத்தலாமா என்ற விவாதம் ஏதாவது ஒரு நாட்டில் எழுகிறது. கூடவே, உடல் வெப்பத்தைப் படமாக்கிக் காட்டும் குறிபார்க்கும் கருவியான தெர்மல் ஸ்கோப்பின் வீடியோக்களும் கைப்பேசிகளில் சுற்றுகின்றன. சாம்பல் நிறப் புல்வெளியில் வெள்ளை வெளேரென்று சில உருவங்கள் நகரும், அடுத்த நொடி ஒன்று சாயும். பார்க்கிறவர்களுக்கு இரண்டு எண்ணங்கள் வரும். இருட்டு இனிமேல் ஒரு தடையே இல்லை என்பது முதலாவது. இவ்வளவு தெளிவாகத் தெரிகிற கருவியை ஏன் பல நாடுகள் தடை செய்தன என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. "அங்கே ஏதோ இருக்கிறது" என்று சொல்வதில் இந்தக் கருவிகள் பிரமாதமாக முன்னேறிவிட்டன. "அது என்ன விலங்கு, அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்" என்று சொல்வதில் அந்த அளவுக்கு முன்னேறவில்லை. விபத்தும், தப்பான விலங்கைக் கொல்வதும், சட்டக் கட்டுப்பாடும் இந்த இடைவெளியில்தான் வருகின்றன. அதைப் புரிந்துகொள்ள, முதலில் ஒளியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏன் இரவு?

பயிரைத் தின்னும் விலங்குகளில் பெரும்பாலானவை அந்திக்கும் விடியலுக்கும் இடையில்தான் வெளியே வருகின்றன. மனித நடமாட்டம் அதிகமான இடத்தில் காட்டுப்பன்றி பகலை முழுக்கவே தவிர்த்துவிடும். பகலில் துரத்தத் துரத்த அது இன்னும் இரவாடியாக மாறும். ஆகவே கட்டுப்படுத்த வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் இரவில் பார்க்கும் வழியைத் தேடித்தான் ஆக வேண்டும். அதற்கு இங்கே பார்க்கப்போகும் வழிகள் மூன்று:

1. விலங்கின் மீது நாமே வெளிச்சம் அடிப்பது. இது ஸ்பாட்லைட்.
2. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை அடித்து, அதைப் பார்க்கத் தெரிந்த கேமரா வழியாகப் பார்ப்பது. இது டிஜிட்டல் நைட் விஷன்.
3. எந்த வெளிச்சமும் அடிக்காமல், விலங்கின் உடல் தானாகவே வெளியிடும் வெப்பக் கதிரைப் பிடிப்பது. இது தெர்மல்.

இவை மூன்றையும் "இரவுப் பார்வைக் கருவி" என்று ஒரே பெயரில் செய்திகள் சொல்லிவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

ஸ்பாட்லைட்: எவ்வளவு தூரம் போகும்?

டார்ச் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் சேர்த்து வெளிவரும் மொத்த ஒளி. கேண்டலா என்பது ஒரு திசையில் அந்த ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதன் அளவு. தூரத்தில் இருக்கும் விலங்கைப் பார்க்கக் கேண்டலாதான் முக்கியம். லூமென் மிக அதிகமாக இருந்தும் ஒளி அகலமாகச் சிதறினால், பக்கத்துப் புல் பளிச்சென்று மின்னும், தூரத்தில் ஒன்றும் தெரியாது.

பெட்டியில் "400 மீட்டர்" என்று போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் நன்றாகத் தெரியும் என்று பொருள் கொள்ளக் கூடாது. கைவிளக்குகளுக்கான எஃப்.எல்.1 என்ற தர அளவீட்டின்படி, ஒளி 0.25 லக்ஸாக (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) குறையும் தூரத்தையே எட்டும் தூரம் என்று எழுதுகிறார்கள். 0.25 லக்ஸ் என்பது ஏறத்தாழ முழுநிலவு வெளிச்சம். கணக்கு எளிதானது: கேண்டலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ் கிடைக்கும். 40,000 கேண்டலா விளக்கு 100 மீட்டரில் 4 லக்ஸ் தரும், 200 மீட்டரில் 1 லக்ஸ், 400 மீட்டரில் 0.25 லக்ஸ். நிலவொளியில் நானூறு மீட்டருக்கு அப்பால் நிற்பது கன்றுக்குட்டியா பன்றியா என்று சொல்ல முடியுமா? முடியாது. விலங்கின் நிறத்தையும் உருவத்தையும் நம்பிச் சொல்லும் தூரம் பெட்டியில் போட்டதில் பாதிக்கும் கீழேதான்.

கண் மின்னுவதை நம்பலாமா?

ஸ்பாட்லைட் வேட்டையின் அடிப்படையே கண் மின்னுவதுதான். பல பாலூட்டிகளின் விழித்திரைக்குப் பின்னால் டேப்பீட்டம் லூசிடம் என்ற பிரதிபலிக்கும் படலம் இருக்கிறது. விழித்திரையைக் கடந்து போன ஒளியை அது திருப்பி அனுப்பி, மறுபடியும் விழித்திரை மேல் படவைக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் விலங்குக்கு இது பெரிய உதவி. அந்த ஒளியில் ஒரு பகுதி வந்த வழியே வெளியேறி நம்மிடம் திரும்பும். அதனால்தான் விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்கிறவருக்குப் பளிச்சென்று தெரிகிற கண், இரண்டு அடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாமல் போகிறது.

இதில் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. நரிக்கு இந்தப் படலம் இருக்கிறது, நாய்க்கும் இருக்கிறது, பூனைக்கும் இருக்கிறது. மானுக்கு உண்டு, மாட்டுக்கும் ஆட்டுக்கும் குதிரைக்கும் உண்டு. எதைச் சுட வந்தார்களோ அந்தப் பன்றிக்குத்தான் இல்லை! ஆகவே பன்றியின் கண் மங்கலாகத்தான் தெரியும், தொழுவத்துக் கன்றின் கண் ஜொலிக்கும். மின்னும் நிறத்தை வைத்து விலங்கைச் சொல்லிவிடலாம் என்று அனுபவசாலிகள் சொல்வதுண்டு. அந்த நிறம் பார்க்கும் கோணம், விலங்கின் வயது, விளக்கின் நிறம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஒரே விலங்கு தலையைத் திருப்பினாலே பச்சை மஞ்சளாகிவிடும். பனித்துளியும் மின்னும், ஓநாய்ச் சிலந்தியின் கண்கூட மின்னும்.

மனிதர் வைத்திருக்கும் விளக்கும் அப்படித்தான். 2010-ஆம் ஆண்டு நியூசிலாந்தின் கைமனாவா வனப்பூங்காவில் முகாமிட்டிருந்த ஒருவர் இரவில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் தலையில் மாட்டியிருந்த விளக்கின் ஒளியை மானின் கண் என்று நினைத்து, வண்டியிலிருந்து ஸ்பாட்லைட் அடித்து வந்தவர்களில் ஒருவர் சுட்டார். முகாமிட்டிருந்தவர் இறந்துபோனார். சுட்டவரிடம் விளக்கு இருந்தது, துப்பாக்கி இருந்தது, ஒளிப்புள்ளியும் கண்ணில் பட்டது. அந்தப் புள்ளிக்குச் சொந்தமான உடலை மட்டும் அவர் பார்க்கவில்லை. கண் மின்னினால் அங்கே பார்க்க ஏதோ இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். உடல் முழுதாகத் தெரியாமல் அதற்கு மேல் ஒரு முடிவும் எடுக்க முடியாது.

சிவப்பு விளக்கு விலங்குக்குத் தெரியாதா?

ஓரளவு உண்மை. மனிதக் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இரண்டு வகைதான். நீண்ட அலைநீளத்தை உணரும் அவற்றின் கூம்புகள் நம்முடையதைவிடப் பச்சைப் பக்கம் தள்ளி இருக்கின்றன. அதனால் அடர்சிவப்பு ஒளி மானுக்கும் நரிக்கும் மிக மங்கலாகத் தெரியும். மங்கலாகத் தெரிவதும் தெரியாமலே இருப்பதும் ஒன்றாகாது. போதிய செறிவோடு அடித்தால் சிவப்பையும் கவனிக்கும். அதோடு சிவப்பு வடிகட்டி போட்டதுமே விளக்கின் வீச்சு நமக்கும் குறைந்துவிடும், அடையாளம் காணும் தூரமும் சுருங்கும்.

சுடுபவரின் கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. இருட்டில் நமக்கு உதவும் கோல் செல்கள் முழுத் திறனுக்கு வர அரைமணி நேரமாவது ஆகும். ஒருமுறை வெள்ளை வெளிச்சம் கண்ணில் பட்டால் அந்தப் பழக்கம் நொடியில் கலைந்துவிடும். கோல் செல்கள் சிவப்பை அதிகம் உணர்வதில்லை என்பதால் சிவப்பு விளக்கு அதைக் காப்பாற்றும்.

நடுவில் ஒரு வகை: டிஜிட்டல் நைட் விஷன்

சாதாரண கேமராவின் சிலிக்கான் சென்சார், நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பின் தொடக்கப் பகுதியையும் உணரும். அந்த அலைநீளத்தில் ஒரு விளக்கை எரியவிட்டால் கேமராவுக்கு வெளிச்சம், நமக்கு இருட்டு. 850 நானோமீட்டர் விளக்கை நேராகப் பார்த்தால் மெலிதான சிவப்புப் புள்ளி தெரியும். 940 நானோமீட்டரில் அதுவும் தெரியாது, ஆனால் அங்கே சென்சாரின் உணர்திறன் குறைவதால் தூரமும் குறையும். இதன் படத்தில் கொம்பு, காது, வால், கழுத்துப்பட்டி, வேலிக் கம்பி எல்லாம் கறுப்பு வெள்ளையில் தெரியும். அந்த வகையில், அடையாளம் காண்பதற்குத் தெர்மலைவிட இது பல சமயம் மேலானது. வீடியோக்களில் தெர்மல் அளவுக்குக் கவர்ச்சி இல்லாததால் பேசப்படுவதில்லை, அவ்வளவுதான்.

தெர்மல் எப்படி வேலை செய்கிறது?

1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, ஒளியே இல்லாத இடத்தில் வெப்பம் இன்னும் அதிகமாக இருந்தது. அகச்சிவப்பு அப்படித்தான் கண்டறியப்பட்டது.

எல்லாப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்பக் கதிர் வீசுகிறது. உயிருள்ள விலங்கின் உடல் வீசும் கதிரின் உச்சம் 9 அல்லது 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அலைநீளத்தை ஒட்டி அமைகிறது. நம் கண் பார்ப்பது 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை மட்டும். வசதியாக, 8 முதல் 14 மைக்ரான் வரையிலான கதிரைக் காற்று அதிகம் உறிஞ்சுவதில்லை. தெர்மல் ஸ்கோப்புகள் இந்தச் சாளரத்தில்தான் பார்க்கின்றன.

இந்தக் கதிரைக் கண்ணாடி கடத்தாது. அதனால் லென்ஸை ஜெர்மேனியத்தில் செய்கிறார்கள். பார்க்க உலோகம் போலப் பளபளக்கும், நம் கண்ணுக்கு அதன் வழியே ஒன்றும் தெரியாது. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 4. பூச்சு இல்லாவிட்டால் ஒவ்வொரு பரப்பிலும் 36 சதவீதக் கதிர் எதிரொளித்து வீணாகும். விலை உயர்வதற்கு இந்த லென்ஸ் ஒரு முக்கியக் காரணம்.

உள்ளே இருக்கும் சென்சார் மைக்ரோபோலோமீட்டர். வனேடியம் ஆக்சைடிலோ படிகமற்ற சிலிக்கானிலோ செய்த நுண்ணிய தகடுகள் வெற்றிடத்தில் சின்னச் சின்னப் பாலங்களாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு பிக்சல். கதிர் பட்டதும் தகடு மிகச் சிறிதளவு சூடாகி, அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் படமாக்குகிறார்கள். இடையிடையே ஸ்கோப்பில் "டிக்" என்ற சத்தத்தோடு படம் ஒரு கணம் உறைவதைக் கவனித்திருக்கலாம். உள்ளே ஒரு சிறு மூடி விழுந்து, எல்லாப் பிக்சலுக்கும் ஒரே வெப்பநிலையைக் காட்டி, அவற்றைச் சமன்செய்து விலகுகிறது.

ஆக, திரையில் இருப்பது வெப்பநிலை வேறுபாடுகளின் வரைபடம். நிறம் கிடையாது, நிழல் கிடையாது, ரோமத்தின் வரி கிடையாது. செம்மறியாட்டைத் தெர்மலில் பார்த்தால் முகமும் கால்களும் பிரகாசமாக இருக்கும், கம்பளி போர்த்திய உடம்பு மங்கலாக இருக்கும். சேற்றில் புரண்டு வந்த பன்றி அதன் அளவுக்கு வெளுப்பாகத் தெரியாது. பகல் முழுக்க வெயில் வாங்கிய பாறை, இரவில் வெகுநேரம் படுத்திருக்கும் விலங்கைப் போலத் தெரியும்.

விடிந்த பிறகும் அந்திக்கு முன்பும், நாளில் இரண்டு முறை, பொருள்களும் தரையும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வந்து நிற்கும் கொஞ்ச நேரம் உண்டு. அப்போது பின்புலம் கரைந்துபோகும். மழை பெய்தால் எல்லாப் பரப்பும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். மெல்லிய புகையையும் தூசியையும் தெர்மல் சமாளிக்கும். அடர்ந்த மூடுபனியின் துளிகள் இந்த அலைநீளத்தை ஒட்டிய அளவிலேயே இருப்பதால் அங்கே தெர்மலும் கண்ணை மூடிக்கொள்ளும்.

பெட்டியில் உள்ள எண்களும் உண்மையான தூரமும்

"கண்டறியும் தூரம் 1800 மீட்டர்" என்பது போன்ற விளம்பர வரி பலரையும் ஏமாற்றுகிறது. அந்த எண் பொய்யாக இருக்காது. அது எந்தக் கேள்விக்கான பதில் என்பதுதான் மறைந்துகிடக்கிறது.

1958-இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன் ஓர் அளவுகோலை முன்வைத்தார். மின்னணுக் கருவி வழியாகப் பார்க்கும் ஒருவர் எவ்வளவு நுணுக்கம் இருந்தால் எதைச் சொல்ல முடியும் என்பதைச் சோதித்துப் பெற்றது அது. இன்றைய பிக்சல் கணக்கில், பொருளின் குறுகிய பக்கத்துக்குக் குறுக்கே:

1. ஏதோ இருக்கிறது என்று சொல்ல 2 பிக்சல்.
2. எந்த மாதிரியானது, அதாவது நாலுகால் விலங்கா மனிதரா வண்டியா, என்று சொல்ல 8 பிக்சல்.
3. குறிப்பாக எது என்று சொல்ல ஏறத்தாழ 13 பிக்சல்.

இவையும் சரியாகச் சொல்வதற்கான வாய்ப்பு 50 சதவீதம் இருக்கும் இடத்துக்கான எண்கள். பாதி நேரம் தப்பாகலாம்.

சரி, ஒரு ஸ்கோப்பை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிக்சலின் அகலம் 12 மைக்ரான், லென்ஸின் குவிய தூரம் 35 மில்லிமீட்டர். பரவலாகக் கிடைக்கும் அமைப்புதான். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், 100 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் 3.4 சென்டிமீட்டரை மூடுகிறது. 300 மீட்டரில் 10 சென்டிமீட்டரை. இப்போது உடல் உயரம் 60 சென்டிமீட்டர் உள்ள ஒரு பன்றி பக்கவாட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

1. ஏதோ இருக்கிறது என்று ஏறத்தாழ 875 மீட்டரிலிருந்தே தெரியும்.
2. நாலுகால் விலங்கு என்று 220 மீட்டருக்குள் வந்தால் சொல்லலாம்.
3. பன்றிதான் என்று சொல்ல 140 மீட்டருக்குள் வர வேண்டும்.

875-க்கும் 140-க்கும் நடுவே உள்ள எழுநூற்றுச் சொச்சம் மீட்டர்தான் ஆபத்தான பகுதி. அங்கே நிற்கும் எதுவும் ஸ்கோப்பில் வெள்ளையாக, உயிரோடு, நகர்ந்துகொண்டு இருக்கும். மூளை மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். பன்றியைத் தேடி வந்தவருக்கு அது பன்றியாகவே தெரியும். உயரம் 35 சென்டிமீட்டர் உள்ள நரி என்றால் நிலைமை இன்னும் மோசம். 200 மீட்டரில் அது ஐந்து பிக்சல்தான். பண்ணை நாயும் அதே ஐந்து பிக்சல்தான்.

டிஜிட்டல் ஸூம் இதற்கு உதவாது. அது இருக்கிற பிக்சலைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர, புதிதாக எதையும் பிடித்துத் தராது. உண்மையில் உதவுவது நீண்ட குவிய தூரமுள்ள லென்ஸ். அதற்கு விலையாகப் பார்வைப் பரப்பு சுருங்கும், சுற்றுப்புறம் தெரியாமல் போகும். 640 பிக்சல் அகலச் சென்சாரோடு மேலே சொன்ன லென்ஸ் ஏறத்தாழ 12.5 பாகைக் கோணம் காட்டும். 384 பிக்சல் சென்சாரில் அதே லென்ஸ் 7.5 பாகைதான் காட்டும். விலங்கின் மேல் விழும் பிக்சல் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. பெரிய சென்சார் வாங்கினால் அடையாளம் காணும் தூரம் கூடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் என்.இ.டி.டி. என்ற எண். சென்சார் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய வெப்பநிலை வேறுபாட்டை மில்லிகெல்வினில் சொல்வது. குறைவாக இருந்தால் நல்லது. 50 உள்ளதைவிட 25 உள்ளது ஈரமான இரவில் பின்புலத்தைத் தெளிவாகக் காட்டும். படம் புதுப்பிக்கப்படும் வேகமும் முக்கியம். ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் காரணமாகச் சில கருவிகள் நொடிக்கு 9 படங்களுக்கு மேல் காட்டாது. ஓடும் விலங்கு அதில் தாவித் தாவித் தெரியும்.

தெர்மல் காட்டாதவை

இந்தப் பகுதியைத்தான் வீடியோக்கள் சொல்வதில்லை.

முதலாவது, கண்ணாடி. கதிரைக் கண்ணாடி கடத்தாது என்பதால், நிறுத்தியிருக்கும் காருக்குள் உட்கார்ந்திருப்பவர் தெர்மலில் தெரிய மாட்டார். ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவரும் தெரிய மாட்டார். விளக்கு எரியும் வீடும் எரியாத வீடும் ஒன்றுபோல இருக்கும். கூடாரத் துணிக்குப் பின்னால் தூங்குபவரும் மறைந்துவிடுவார். "தெர்மல் சுவரைக்கூட ஊடுருவும்" என்ற கதை முற்றிலும் தவறு. அது பொருள்களின் மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது.

இரண்டாவது, குண்டு போய் நிற்க வேண்டிய இடம். விலங்கைத் தவறவிட்டாலோ ஊடுருவிச் சென்றாலோ குண்டு மண்ணில் புதைய வேண்டும். மிகச் சிறியதாகக் கருதப்படும் .22 ரிம்ஃபயர் குண்டே ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது. பெரிய ரைஃபிள் குண்டு பல கிலோமீட்டர் போகும். தெர்மல் படத்தில் ஆழம் தெரியாது. விலங்குக்குப் பின்னால் இருப்பது மண்சரிவா, அல்லது விலங்கு நிற்கும் மேட்டுக்கு அப்பால் தொலைவில் இருக்கும் சாலையா என்பதை ஒரே சாம்பல் நிறம் மூடிவிடும். பக்கத்தில் நிற்கும் சிறிய விலங்கும் தூரத்தில் நிற்கும் பெரிய விலங்கும் ஒரே அளவில் தெரியும். தூரத்தை லேசர் அளவியால் அளக்காமல் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் தவறும்.

மூன்றாவது, இடையில் இருப்பவை. மெல்லிய கம்பியும் சுள்ளியும் காற்றின் வெப்பநிலைக்கே வந்துவிடுவதால் படத்தில் காணாமல் போகும். குண்டின் பாதையை அவை திருப்பிவிடும். ஸ்கோப், துப்பாக்கிக் குழலைவிடச் சில சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதும் இங்கே சேர்ந்துகொள்ளும். ஸ்கோப்புக்கு வழி திறந்திருக்கும், குழலின் வாய்க்கு முன்னால் வரப்போ வண்டியின் விளிம்போ இருக்கும். பகலில் கண்ணில் பட்டுவிடும் இது, இருட்டில் படாது.

நான்காவது, அந்த விலங்கின் நிலை. ஆணா பெண்ணா, பால் கொடுக்கும் தாயா என்பதை வெப்ப உருவம் நம்பகமாகச் சொல்வதில்லை. தாயைச் சுட்டால் குட்டிகள் பட்டினியில் சாகும். பகைவிலங்கு என்று பெயரிட்டுவிட்டதால் இந்தக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

இத்தனையும் தெரிந்தவர்கள் இரண்டு கருவிகளைப் பிரித்தே பயன்படுத்துகிறார்கள். கையில் பிடிக்கும் தெர்மலால் தேடுவது, பிறகு வெளிச்சத்தாலோ டிஜிட்டல் நைட் விஷனாலோ அடையாளத்தை உறுதிசெய்வது. துப்பாக்கியில் மாட்டிய ஸ்கோப்பாலேயே வெளியைத் துழாவுவது மிகக் கெட்ட பழக்கம். தேடப்படும் ஒவ்வொன்றின் மேலும், மனிதர் உட்பட, குழல் திரும்புகிறது. சுடும் இடத்தைப் பகலிலேயே நடந்து பார்த்து, எந்தத் திசையில் சாலை, எந்தத் திசையில் வீடு, எங்கே மண்மேடு என்று குறித்து வைப்பதற்கு மாற்றாக எந்தக் கருவியும் இன்னும் வரவில்லை.

சட்டங்கள் ஏன் தடுக்கின்றன, ஏன் தளர்த்துகின்றன?

தடைக்கு மூன்று காரணங்கள்: மனிதப் பாதுகாப்பு, திருட்டு வேட்டையைத் தடுப்பது, எந்த விலங்கு சாகிறது என்பதில் கட்டுப்பாடு. 1979-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை ஐரோப்பிய வனவிலங்குகளைக் காப்பதற்கானது. தடை செய்யப்பட்ட முறைகளின் பட்டியலில் செயற்கை ஒளியையும், படத்தைப் பெருக்கும் மின்னணு இரவுக் குறிபார்க்கும் கருவிகளையும் அது சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 வாழ்விட ஆணையிலும் அதே பட்டியல் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991 மான் சட்டப்படி, சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கி, உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை மானைச் சுடக் கூடாது. சிறப்பு உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு. நரிக்கும் முயலுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. ஒரே கருவி, ஒரே வயல், ஒரே இரவு, விலங்கு மாறினால் குற்றம். அடையாளம் காண்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்தே தெரியும்.

தளர்வுக்குப் பின்னால் பெரும்பாலும் நோய் இருக்கிறது. 2007-இல் ஜார்ஜியா நாட்டுக்குள் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் ஐரோப்பா நோக்கிப் பரவியது. மனிதருக்குத் தொற்றாது, பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும். 2017-இல் செக் குடியரசில் காட்டுப்பன்றிகளிடம் அது தென்பட்டபோது, பாதித்த பகுதியைச் சுற்றி வேலியிட்டு, செத்த பன்றிகளைத் தேடி எடுத்து, இரவுப் பார்வைக் கருவிகளோடு போலீஸ் குறிபார்ப்பாளர்களையும் இறக்கினார்கள். 2019-இல் அந்நாடு நோயற்றதாக அறிவிக்கப்பட்டது. 2022 இறுதியில் நோய் மறுபடி வந்தது. ஜெர்மனி 2020-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, வேட்டை உரிமம் உள்ளவர்கள் இரவுப் பார்வை இணைப்புக் கருவிகளை வைத்திருக்க வழிவிட்டது. அவற்றை எந்த விலங்கின் மேல் பயன்படுத்தலாம் என்பதை மாநிலங்களின் வேட்டைச் சட்டத்திடம் விட்டது. இப்படிப்பட்ட தளர்வைப் பற்றிச் செய்தி வரும்போது யாருக்கு, எந்த விலங்குக்கு, எந்தப் பகுதியில், எதுவரை என்ற நான்கையும் பார்த்துப் படிக்க வேண்டும்.

சுட்டால் பகைவிலங்கு குறையுமா?

சுட்ட எண்ணிக்கை வேறு, மிச்சமிருக்கும் எண்ணிக்கை வேறு. காட்டுப்பன்றி வேகமாகப் பெருகும் விலங்கு. கூட்டத்தை நிலையாகக் குறைக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 70 சதவீதத்தை அகற்ற வேண்டியிருக்கும் என்ற மதிப்பீடு பரவலாகக் கையாளப்படுகிறது. இரவில் வயலோரம் நின்று இரண்டு மூன்றைச் சுடுவது அந்த அளவை நெருங்கவே நெருங்காது. கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறிப் பக்கத்து நிலங்களுக்குப் போகும். நோய் இருக்கிற பகுதியில் அந்தச் சிதறலே நோயைச் சுமந்து போகும். அதனால்தான் முழுக் கூட்டத்தையும் ஒரே தடவையில் அடைக்கும் பெரிய பொறிகளை முதலில் வைத்து, பொறிக்குத் தப்பிய சிலவற்றுக்கு மட்டும் இரவுச் சூட்டைப் பயன்படுத்தும் திட்டங்கள் நல்ல பலன் தருகின்றன.

விலங்குகள் கற்றுக்கொள்ளவும் செய்யும். வெளிச்சம் அடித்து, சுட்டு, தவறவிட்ட நரி அடுத்த தடவை விளக்கின் ஓரம் பட்டதுமே வேலிக்குள் புகுந்துவிடும். ஒளியே வீசாத தெர்மல் இந்தப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை என்பது அதன் உண்மையான பலம். ஆனால் துப்பாக்கிச் சத்தம், வண்டிச் சத்தம், மனித வாடை மூன்றையும் விலங்கு நினைவில் வைத்திருக்கும்.

என் பார்வையில் தெர்மலின் ஆகச் சிறந்த பயன் எண்ணுவதில் இருக்கிறது. ஸ்பாட்லைட்டில் நம் பக்கம் கண்ணைத் திருப்பிய விலங்குதான் கணக்கில் வரும். தெர்மலில் முதுகைக் காட்டி மேய்வதும் கணக்கில் வரும். கட்டுப்படுத்தும் வேலை தொடங்கும் முன்பு ஒரே பாதையில், ஒரே நேரத்தில், பல இரவுகள் எண்ணி, முடிந்த பிறகு அதே மாதிரி மறுபடி எண்ணினால்தான் எண்ணிக்கை குறைந்ததா, ஒளிந்துகொண்டதா என்று தெரியும். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் புல் அறுக்கும் பருவத்தில், தரை இன்னும் சூடேறாத விடிகாலையில், தெர்மல் கேமரா பொருத்திய டிரோன்களை வயல் மேல் பறக்கவிடுகிறார்கள். உயரப் புல்லில் அசையாமல் படுத்திருக்கும் மான் குட்டிகளைக் கண்டுபிடித்து, இயந்திரம் வரும் முன்பு அப்புறப்படுத்துகிறார்கள். டிரோன் புள்ளியைக் காட்டியதும் ஒருவர் அங்கே நடந்து போய்ப் புல்லை விலக்கிப் பார்த்த பிறகுதான் அது குட்டியா, வெறும் சூடான மண்கட்டியா என்பது உறுதியாகிறது.